பாட்டியின் ‘டபுள்’, பேத்தியின் ‘சிங்கிள்’: குரோஷே பின்னல் கைமாறும்போது நழுவுவது எது?

தோட்டத்து வீட்டில் வானொலிப் பெட்டி வந்து சேர்ந்த சில நாளிலேயே அதன்மேல் ஒரு வெள்ளைப் பின்னல் விரிப்பும் ஏறிவிடும். தையல் இயந்திரத்துக்கு ஒன்று, சாமிப் படத்துக்கு மேலே ஒன்று, பால் குவளையை மூட ஓரமெல்லாம் பாசிமணி கோத்த ஒன்று, பின்னாளில் தொலைக்காட்சிக்கு ஒன்று. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் துவைத்துக் கஞ்சி போட்டு நாற்காலி முதுகில் விரிப்பார்கள். விடியுமுன் பால் வெட்டப் போய், மதியம் திரும்பி, சமையலையும் முடித்த பெண்கள் லயத்து வாசலில் பேசிக்கொண்டே பின்னியவை அவை. இன்று குரோஷே என்று எழுதப்படுவதைப் பெரியவர்கள் சிலர் குரோசா என்பார்கள். பலருக்கு அது வெறுமனே ‘நூல் பின்னுவது’.

ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த விரிப்புகளோடு குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. அங்கே தட்டையான தொலைக்காட்சி சுவரில் தொங்குகிறது. அதன்மேல் எதையும் விரிக்க இடமில்லை. ஆகவே இந்தக் கைவேலை முடிந்துபோயிற்று, இளையோருக்கு இதில் நாட்டமில்லை என்று வீடுதோறும் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சில் பாதிதான் சரி. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்த காலத்தில் கொக்கி ஊசியைக் கையில் எடுத்த இளையோர் ஏராளம். டிக்டாக்கில் பின்னல் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. பட்டமளிப்பு விழாக்களில் விற்கும் வாடாத பூங்கொத்துகளில் பல நூலால் பின்னப்பட்டவை. அமிகுருமி எனும் ஜப்பானிய வகைக் குட்டிப் பொம்மைகளைப் பின்னி ஷாப்பியில் விற்கும் கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள். சில மாணவர்களும்தான்.

பேத்தி பின்னுகிறாள்; பாட்டியும் பின்னத் தெரிந்தவர். ஆனால் இருவரும் சேர்ந்து பின்னுவதில்லை. பேத்திக்குக் கற்றுத்தருவது கைப்பேசி. பாட்டியின் மெல்லிய நூல் வேலை, மனக்கணக்காகவே வைத்திருந்த வடிவங்கள், ஓரப் பூக்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. தடை ஆர்வத்தில் இல்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காததுதான் முதல் தடை.

ஒரே பெயர், வேறு பின்னல்

பேத்தி ஒருத்தி பழைய வட்ட விரிப்பு ஒன்றைப் பார்த்துப் பின்ன உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி பக்கத்தில் இருந்து, “இந்தச் சுற்றுக்கு டபுள் போடும்மா” என்கிறார். பேத்தி காணொளியில் கற்ற டபுளைப் போடுகிறாள். நாலு சுற்று போவதற்குள் வட்டம் உள்பக்கம் இழுத்துக்கொண்டு கிண்ணம்போல் எழும்பிவிடுகிறது. “சொன்னதைத்தானே பாட்டி போட்டேன்” என்கிறாள். பாட்டிக்கும் எங்கே தவறு என்று தெரியாது. ஊசி கீழே வைக்கப்படும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இருவர் மீதும் தவறில்லை. மலாயாவில் பிரிட்டிஷ் காலத்துப் பள்ளிகளும் புத்தகங்களும் கற்றுத்தந்தவை பிரிட்டிஷ் பெயர்கள். இணையத்தில் பெரும்பாலும் வழங்குபவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே எனப்படுவதை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்கிறார்கள். பிரிட்டிஷ் டிரெபிள், அமெரிக்கர்களுக்கு டபுள். பிரிட்டிஷ் டபுள் டிரெபிள், அவர்களுக்கு வெறும் டிரெபிள். பெயர்ப் பட்டியல் முழுவதும் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஒரு செய்முறை எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் ‘சிங்கிள்’ என்ற சொல் அதில் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் இன்றைய வழக்கில் அது அமெரிக்க முறை.

இந்தக் குழப்பத்தைத் தமிழிலேயே தீர்க்க வழியுண்டு. ஊசியைக் கண்ணிக்குள் நுழைக்கும் முன் அதன்மேல் நூலை எத்தனை முறை சுற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு பின்னலின் உயரமும் அமைகிறது. சுற்றாமல் நுழைத்தால் பிரிட்டிஷ் டபுள், அமெரிக்கச் சிங்கிள். ஒருமுறை சுற்றி நுழைத்து, இரண்டு இரண்டு கண்ணியாகக் கழற்றினால் பிரிட்டிஷ் டிரெபிள், அமெரிக்க டபுள். இருமுறை சுற்றினால் அதற்கும் அடுத்த உயரம். “இதற்கு எத்தனை சுற்று பாட்டி?” என்று கேட்டால் போதும். பாட்டிக்கு ஆங்கிலப் பெயரே தெரியாவிட்டாலும் விரல் தானாகச் சுற்றிக் காட்டிவிடும். சுற்றாத பின்னல், ஒரு சுற்று, இரு சுற்று என்று வீட்டில் பெயர் வைத்துக்கொண்டால் எந்த நாட்டுக் காணொளியும் குழப்பாது.

எண்களிலும் இப்படி ஒரு தலைகீழ் உண்டு. பழைய எஃகு ஊசிகளில் எண் கூடக்கூட ஊசி மெலியும். இன்று மில்லிமீட்டர் கணக்கில் எண் கூடினால் ஊசி தடிக்கும். பருத்திப் பின்னல் நூலில் 20, 40, 60 என்று எண் ஏறினால் நூல் மெலிகிறது. பாட்டியின் பெட்டியில் இருக்கும் ஊசி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பேத்தியின் கையில் இருப்பது நாலு, ஐந்து மில்லிமீட்டர். பெயர் மட்டுமல்ல, கருவியும் வேறு உலகம்.

இந்தக் கலை நமக்கு எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது சங்ககாலத்துச் சொத்து இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கன்னியாஸ்திரிகள் ஏழைப் பெண்களுக்கு இதைப் பிழைப்பாகக் கற்றுத்தந்தார்கள். தென்னிந்தியாவில் நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் அதே நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெண்களுக்கு லேஸ் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வட்டாரத்தில் பினாங்கில் 1852லும் சிங்கப்பூரில் 1854லும் தொடங்கிய கான்வென்ட்டுகளில் ஊசிவேலை முக்கியமான பாடம். பள்ளியில் கற்றவர் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல, அவர் இன்னொரு தோட்டத்துக்குக் கல்யாணமாகிப் போக, இப்படிக் கை மாறியது. இரவல் கலைதானே என்று ஒதுக்க வேண்டியதில்லை. மிளகாயும் இந்த மண்ணிலோ தமிழ் மண்ணிலோ பிறந்ததில்லை. அது இல்லாமல் எந்த வீட்டில் குழம்பு வைக்கிறார்கள்?

எழுதாமல் விட்ட கணக்கு

கோலத்துக்கு நோட்டுப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்து நோட்டில் புள்ளி வைத்து, 15 புள்ளி 8 வரை என்று மேலே எழுதி, தோழிகளிடம் வாங்கி வரைந்து வைத்த கோலங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பின்னலுக்கு அப்படி ஒரு நோட்டு பெரும்பாலும் இருந்ததில்லை. பெரும்பகுதியும் பார்த்துப் பின்னியதுதான். மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கி வந்து, எண்ணிப் பார்த்து, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு தலைக்குள் இருக்கும். அந்தத் தலை மறக்கத் தொடங்கும்போதோ, மறையும்போதோ கணக்கும் போய்விடும்.

ஆனால் போனது முழுவதும் போனதில்லை. பின்னிய துண்டு கையில் இருக்கும்வரை கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. குரோஷேயின் ஒவ்வொரு பின்னலையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு நேரத்தில் ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். ஒரு பின்னலை முடித்த பிறகே அடுத்தது. ஆகவே பின்னியதை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் வாசிக்கலாம்.

பழைய விரிப்பை ஒரு கறுப்புத் துணிமேல் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் பெரிதாக்கினால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். வட்ட விரிப்பென்றால் நடுவிலிருந்து தொடங்கி, மையத்து வளையத்தில் எத்தனை சங்கிலி, முதல் சுற்றில் எத்தனை பின்னல், அது எத்தனை சுற்று உயரம் என்று வெளிநோக்கிப் போகலாம். வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் முழு வட்டத்தையும் எண்ண வேண்டாம். ஒரு இதழை எண்ணி, மொத்தம் எத்தனை இதழ் என்று பார்த்தால் போதும்.

எண்ணியதை வாக்கியமாக எழுதுவதைவிடப் படக்குறியாக வரைவது நல்லது. ஜப்பானியப் பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கின்றன. சங்கிலிக்கு ஒரு சிறு முட்டை வடிவம். சுற்றாத பின்னலுக்குப் பெருக்கல் குறி அல்லது கூட்டல் குறி. ஒரு சுற்றுக்கு ஆங்கிலத்தின் ‘டி’ எழுத்துபோல் ஒரு கோடு, அதன் தண்டில் ஒரு சாய்கீற்று. இரு சுற்றுக்கு இரண்டு கீற்று. கீற்றை எண்ணினால் சுற்று தெரியும். இதில் பிரிட்டிஷும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியும், படிக்கவே தெரியாத பாட்டியும், மலாயும் ஆங்கிலமும் பேசும் பேத்தியும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். பேத்தி வரைய, பாட்டி விரிப்பைப் பார்த்து, “இங்கே ஒரு சங்கிலி விட்டுப்போச்சு” என்று திருத்தலாம். கற்பது அந்த இடத்தில் தொடங்கிவிடுகிறது.

கட்டப் பின்னல் இன்னும் எளிது. வாசல் திரைகளில் மயில், அன்னம், ‘நல்வரவு’ எழுத்து என்று வருவதெல்லாம் இந்த வகை. ஒரு சுற்று, இரண்டு சங்கிலி, மீண்டும் ஒரு சுற்று என்றால் காலிக் கட்டம். அந்த இரண்டு சங்கிலி இடத்தில் இரண்டு ஒரு-சுற்றுப் பின்னல் போட்டால் நிரம்பிய கட்டம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நிழலடித்தால் அதுவே செய்முறை. ஒரு கட்டத்துக்கு மூன்று பின்னல், கடைசிக்கு ஒன்று கூட. 10 கட்டத்துக்கு 31. திருப்பத்துக்கான சங்கிலி தனி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒருவர் தன் பெயரின் முதலெழுத்தைக் கட்டத்தில் வரைந்து பின்னிப் பார்க்கலாம். ‘க’ எளிது; ‘ஜ’ கொஞ்சம் அழவைக்கும்.

வட்டத்துக்குள்ளும் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. சுற்றாத பின்னலில் தட்டையான வட்டம் வேண்டுமானால் 6இல் தொடங்கி 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்ட வேண்டும். காரணம் பையின் மதிப்பு. ஆரம் ஒரு பின்னல் கூடும்போது சுற்றளவு 2 பெருக்கல் 3.14, அதாவது ஆறு பின்னலுக்குச் சற்று மேல் கூடுகிறது. ஒரு-சுற்றுப் பின்னல் கிட்டத்தட்ட இருமடங்கு உயரம் என்பதால் அதற்கு 12. கூட்டுவது குறைந்தால் வட்டம் கிண்ணமாகும். தொப்பி அப்படித்தான் பிறக்கிறது. முன்பு சொன்ன பேத்தியின் விரிப்பு எழும்பியதும் இதனால்தான்: உயரமான பின்னலைப் போட்டாள், எண்ணிக்கையோ குட்டையான பின்னலுக்கு உரியது. கூட்டுவது அதிகமானால் ஓரம் அலை அலையாக மடியும். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை வேண்டுமென்றே இப்படி அளவுக்கு மீறிக் கூட்டிப் பின்னினார். புத்தகத்தில் மட்டும் படித்துவந்த ஒருவகை வளைந்த தளத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்க அது உதவியது. தோட்டத்துப் பெண்கள் பாவாடை ஓரத்துக்குப் போட்ட சுருக்குப் பூவும் அதே கணக்கில் பிறந்ததுதான்.

முதல் நாளில் எதைக் கொடுப்பது

பெரியவர்கள் பலர் செய்யும் ஒரு காரியம், தாம் முடித்த இடத்திலிருந்து பிள்ளையைத் தொடங்கவைப்பது. மெல்லிய வெள்ளை நூலையும் ஒரு மில்லிமீட்டர் ஊசியையும் எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அரைமணி நேரத்தில் ஓடிவிடும். தடித்த நூல், வெளிர் நிறம், நாலு அல்லது ஐந்து மில்லிமீட்டர் ஊசி என்பதே தொடக்கத்துக்கு ஏற்றது. கறுப்பு நூல் கண்ணுக்குக் கண்ணி காட்டாது. பஞ்சு பஞ்சாக மயிர் பறக்கும் நூலும் அப்படியே. இன்னும் சிறிய பிள்ளைக்கு ஊசியே வேண்டாம், விரலால் சங்கிலி போடட்டும்.

உட்காரும் இடமும் முக்கியம். இருவருமே வலக்கைக்காரர் என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை இடக்கைக்காரராக இருந்து, கற்றுத்தருபவர் வலக்கைக்காரராக இருந்தால் எதிரெதிரே உட்காரலாம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் கை அசைவு ஒத்துப்போகும். ‘பீச்சாங்கைக்கு இது வராது’ என்று விரட்டப்பட்ட பெண்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். ஊசியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும்.

பிரித்துவிடுவதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும். ஊசியை உருவி நூலை இழுத்தால் பின்னல் வரிசையாகக் கழன்று மீண்டும் நூலாகிவிடும், நூல் வீணாகாது. ‘ஸ்வெட்டர்’ பின்னும் இரட்டை ஊசி வேலையில் ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோல் கீழே ஓடும். குரோஷேயில் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் விட்டுப் பள்ளிப் பையில் போட்டு, பேருந்தில் தொடரலாம்.

காசு வருமா என்ற கேள்வி கட்டாயம் வரும். நேர்மையாகக் கணக்குப் பார்க்கலாம். மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 சென். மெல்லிய நூலில் ஒரு மேசை விரிப்புக்கு 20 மணி நேரம் என்று வைத்தால் நூல் செலவு போக 163 ரிங்கிட்டுக்கு மேல் விற்றால்தான் அந்தக் கூலியாவது தேறும். அந்த விலைக்கு வாங்குவோர் குறைவு. ஒரு மணி நேரத்தில் முடியும் பூவுக்கும் சாவிக்கொத்துப் பொம்மைக்கும் இளையோர் போவதில் ஆச்சரியமில்லை. இதைக் குறை சொல்லும் பெரியவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: அவர்கள் பின்னிய காலத்தில் அந்த நேரத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை. ஆந்திராவின் நரசாபூரில் ஏற்றுமதிக்காக குரோஷே பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூலே எழுதினார். நாளெல்லாம் உழைத்த அந்தப் பெண்கள் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்றே கருதப்பட்டார்கள். கூலியும் அதற்கேற்பவே இருந்தது. தொழிற்சாலை இயந்திரங்கள் குரோஷே போலத் தோன்றும் துணியை நெய்கின்றனவே தவிர, உண்மையான குரோஷே இன்றும் கையால்தான் வருகிறது. பேரங்காடியில் மலிவு விலையில் தொங்கும் குரோஷே சட்டை, எங்கோ ஒரு பெண்ணின் மலிந்த கூலி.

பள்ளியில் இதற்கு இருந்த இடமும் சுருங்கிவிட்டது. வாழ்வியல் திறன் பாடம் போய், இடைநிலைப்பள்ளிகளில் 2017 முதல் படிப்படியாக வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்தது. ரவாங்கில் இருக்கும் தேசியக் கைவினைக் கழகம் பாத்தேக், சோங்கேட் போன்றவற்றைக் கற்றுத்தருகிறது. லயத்து வாசல் பின்னலைத் தங்கள் மரபென்று எடுத்துவைக்க யாரும் முன்வந்ததில்லை. கெமாஸ் நடத்தும் தையல் வகுப்புகள் பல ஊர்களில் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். ஆலய மண்டபத்தில் நவராத்திரிக்குப் பூ கட்டும் பெண்கள் கூட்டமே போதும், ஒரு மூலையில் நூல் உருண்டையோடு உட்காரலாம். தமிழ்ப்பள்ளிப் புறப்பாட நடவடிக்கையில் சேர்ப்பதானால் பையன்களை வேறு வகுப்புக்கு அனுப்பிவிடாமல் இருப்பது நல்லது.

பெட்டியில் இருப்பதைக் காப்பதும் இதன் ஒரு பகுதி. கஞ்சி போட்டபடியே மடித்து வைத்த விரிப்பை இராமபாணப் பூச்சி விடாது. அதற்குப் பிடித்த உணவே மாவுச்சத்து. மொடமொடப்புக்காகச் சீனிப் பாகில் நனைத்தவற்றுக்கு எறும்பும் வரும். வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்புப் போட்டு ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி, வடிவம் பார்த்துக் குண்டூசி குத்தித் தட்டையாகக் காயவிட வேண்டும். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். துருக் கறை போகாது. உள்ளே வைக்கும் முன் ஒரு சிறு துணித்துண்டில் பின்னியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதிப் பின்புறம் தைத்துவிடலாம். தோட்டமே இல்லாமல் போன ஊர்களில் அந்தப் பெயர் எழுதப்பட்ட வேறு பொருள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

கடைசியாக, பாட்டிமார் சொல்லும் காரணம்: “கண்ணு தெரியலம்மா.” அதில் பொய்யில்லை. நாற்பதைத் தாண்டினாலே கிட்டப் பார்வை தளர்கிறது. அறுபதுக்கு மேல் கண்புரையும் சேர்கிறது. வெள்ளை நூலில் ஒரு மில்லிமீட்டர் ஊசியோடு போராடச் சொல்வது வதை. அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. பின்னல் கணக்கு நூலின் தடிப்பைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு விரிப்பின் அதே கணக்கைத் தடித்த நூலிலும் ஐந்து மில்லிமீட்டர் ஊசியிலும் பின்னினால் மூன்று நான்கு மடங்கு பெரிதாகி, தரையில் போடும் பாய் அளவுக்கு வரும். அந்தத் தடிப்பில் பாட்டிக்குக் கண்ணி தெரியும். தெரியாத இடத்தில் விரலால் தடவி எண்ணிவிடுவார். பேத்திக்கோ ஏற்கெனவே பழகிய நூல், பழகிய ஊசி. ஆளுக்கொரு சுற்றாகப் பின்னலாம். கணக்கு மட்டும் வானொலிப் பெட்டி மேல் கிடந்த விரிப்பின் பழைய கணக்கு: நடுவில் எட்டுச் சங்கிலி வளையம், அதைச் சுற்றி இருபத்து நாலு.